கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே

நம் ஊர்களில் ஹாலோ பிளாக் என்று வழங்கப்படும் கான்கிரீட் கல்லுக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று சொல்லளவு, மற்றொன்று மெய்யளவு. இந்தியத் தரநிலையின்படி 400 மில்லிமீட்டர் நீளமும் 200 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது என்று பெயர் பெற்ற கல்லை நாடா பிடித்து அளந்தால் நீளம் 390, உயரம் 190 என்றே இருக்கும். யாரும் நம்மை ஏமாற்றவில்லை. குறைகின்ற 10 மில்லிமீட்டர், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கலவைக்கென்று விடப்பட்ட இடம். கல்லோடு சேர்த்து அந்த இடைவெளியையும் எண்ணித்தான் கல்லுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இலக்கியம் பேசுகிற இடத்தில் சிமெண்டுக் கல்லுக்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். கோயில்களையும் கோட்டைகளையும் பற்றி நிறையவே பேசியிருக்கிறோம். நாம் குடியிருக்கும் சுவருக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். அந்த வரலாற்றின் பெரும்பகுதி மேற்சொன்ன 10 மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கிறது. கான்கிரீட் கல் பிறந்த நாள்தொட்டு, அந்த இடைவெளியில் எதை வைப்பது என்பதில்தான் சுவர் கட்டும் முறைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தன. கலவை வைக்கலாம் என்றனர் சிலர். கம்பி வைக்கலாம் என்றனர் வேறு சிலர். ஒன்றுமே வைக்க வேண்டாம் என்றும் சிலர் கூறினர். இவற்றுள் பல, கொத்தனாரின் கைத்திறன் இல்லாமலே சுவரை எழுப்பிவிட முடியுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்தவை. அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளையே இங்கு வரிசையாகப் பார்க்கப் போகிறோம்.

* * *

அமெரிக்கரான ஹார்மன் பால்மர், உள்ளீடற்ற கான்கிரீட் கற்களை வார்க்கும் பொறி ஒன்றுக்கு 1900 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1904 இல் மிச்சிகன் மாநிலத்தின் அல்பீனா நகரில் பெஸ்ஸர் குடும்பத்தினர் தம் பொறியை உருவாக்கினர். சியர்ஸ் ரோபக் நிறுவனம் தன் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியலில் துணிமணிகளோடும் பாத்திரங்களோடும் கல் வார்க்கும் பொறியையும் சேர்த்துக்கொண்டது. குடியானவர் ஒருவர் பொறியை வாங்கி, தன் நிலத்து மணலோடு சிமெண்டைக் கலந்து, தன் வீட்டுக்கான கல்லைத் தானே வார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்த வணிகத்தின் கவர்ச்சி. கல்லின் முகத்தைச் செதுக்கிய பாறை போலத் தோன்றச் செய்யும் அச்சுகளும் உடன் வந்தன. கல்தச்சரின் உளி வேலையை ஓர் இரும்புத் தகடு செய்து முடித்தது.

கல்லை யார் வேண்டுமானாலும் வார்க்கலாம் என்றாயிற்று. ஆனால் அடுக்குவது? அங்கே கொத்தனார்தான் வர வேண்டியிருந்தது. செங்கல்லில் பழகிய கொத்தனாருக்கும் இந்தக் கல் சில புதிய பாடங்களைக் கற்பித்தது.

முதற்பாடம் தண்ணீர். செங்கல்லை நீரில் ஊறப்போட்டுக் கட்ட வேண்டும் என்பது நம் வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரிந்த செய்தி. காய்ந்த செங்கல் கலவையிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். கான்கிரீட் கல்லுக்கோ நேர்மாறான விதி. அதை ஊற வைக்கக் கூடாது. கடும் வெயில் காலத்தில் மேற்பரப்பை லேசாக நனைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. நனைந்த கான்கிரீட் சற்றே உப்பும். சுவரில் அமர்ந்தபின் காயும்போது சுருங்கும். அந்தச் சுருக்கம் இணைப்புகளின் வழியே படிக்கட்டைப் போல ஏறிச்செல்லும் விரிசலாக வெளிப்படும். பழைய தொழிலின் நற்பழக்கம் புதிய தொழிலில் பிழையாகிவிடுகிறது.

இரண்டாம் பாடம் கலவையின் வலிமை. சிமெண்டைக் கூட்டினால் சுவர் உறுதியாகும் என்று வீடு கட்டுவோர் நம்புவது இயல்பு. ஆனால் கலவை கல்லைவிட வலுத்ததாக இருக்கக் கூடாது என்பதே தொழில் விதி. சுவர் எப்படியும் சிறிது அசையும், சுருங்கும். கலவை சற்று மெலிந்ததாக இருந்தால் அந்த அசைவை அது மயிரிழை விரிசல்களாகத் தன்னுள் பங்கிட்டுக்கொள்ளும். கலவை வலுத்தால் கல்லே பிளக்கும். இணைப்பு விரிந்தால் பூசிச் சரிசெய்துவிடலாம். பிளந்த கல்லை என்ன செய்வது?

மூன்றாம் பாடம் கலவையைப் பரப்பும் விதம். உள்ளீடற்ற கல்லை மேலிருந்து நோக்கினால், இருபுறமும் நீளவாக்கில் இரண்டு ஓடுகளும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சுவர்களும் தெரியும். இரண்டு ஓடுகளின்மேல் மட்டும் கலவை வைப்பது ஒரு முறை. குறுக்குச் சுவர்களின்மேலும் வைப்பது மற்றொரு முறை. முதல் முறையில் கலவை மிச்சப்படும்; வெளியே பெய்யும் மழைநீர் குறுக்கே ஊர்ந்து உள்ளே வரும் வழியும் அடைபடும். எனினும் அடித்தளத்தின்மேல் அமரும் முதல் வரிசைக்கும், பெருஞ்சுமை தாங்கும் தூண்களுக்கும் கலவையை முழுதாகப் பரப்புவதே முறை.

இப்படி மூலைக்கற்களை முதலில் எழுப்பி, அவற்றுக்கிடையே நூல் கட்டி, ரசமட்டமும் தூக்குக்குண்டும் பார்த்து வரிசை வரிசையாக வைப்பதுதான் இன்றுவரை உலகெங்கும் பெருவழக்காக இருக்கும் முறை. தரநிலைச் செங்கற்கள் 8 அடைத்துக்கொள்ளும் இடத்தை 200 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே கல் அடைத்துவிடுவதால் வேலை விரைவாக நடக்கிறது. இம்முறையில் கலவை இரண்டு வேலைகளைச் செய்கிறது. கற்களை ஒட்டுவது ஒன்று. அவற்றின் ஏற்றத்தாழ்வுகளை விழுங்கி மட்டம் செய்வது மற்றொன்று. இரண்டாவது வேலையின் அருமை, கலவையை நீக்க முயன்றவர்களுக்கே முழுதாகப் புரிந்தது.

* * *

அவ்வாறு முயன்றவர்களில் இருவர் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றியவர்கள். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் அலுவலகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வேலை பார்த்தவர் வால்டர் பர்லி கிரிஃபின். பின்னர் பிரிந்து சென்று, 1912 இல் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவை வடிவமைக்கும் போட்டியில் வென்று அந்நாட்டுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே 1917 இல் நிட்லாக் என்ற முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னிப் பூட்டுதல் என்று இதைத் தமிழில் சொல்லலாம். ஒன்றோடொன்று பொருந்தும் மெல்லிய கான்கிரீட் பலகைக் கற்களை இரண்டு அடுக்காக, ஓர் அடுக்கின் இணைப்பு மற்றோர் அடுக்கின் கல்லால் மூடப்படும்படி நிறுத்துவது அம்முறை. மெல்போர்ன் அருகே தமக்கும் மனைவி மேரியன் மஹோனிக்குமாக ஃபோலியோட்டா என்ற சிறு வீட்டை இம்முறையில் அவர் கட்டிக்கொண்டார்.

சில ஆண்டுகளுக்குப் பின், 1923, 1924 ஆண்டுகளில், லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ரைட் நான்கு வீடுகளைக் கான்கிரீட் கற்களால் எழுப்பத் தொடங்கினார். பசடீனாவில் கட்டிய மில்லார்டு வீட்டில் வழக்கம் போல் கலவை இருந்தது. அடுத்து வந்த ஸ்டோரர், ஃபிரீமன், என்னிஸ் வீடுகளில் கலவை நீங்கி நூல் வந்தது. நூல் என்று நாம் கூறுவது இரும்புக் கம்பியை. 16 அங்குலச் சதுரக் கல்லின் நான்கு விளிம்புகளிலும் அரைவட்டக் காடி ஓடும். இரண்டு கற்கள் அருகருகே அமரும்போது அரைவட்டங்கள் கூடி ஒரு குழாயாகும். அதனூடே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் செல்லும். கம்பியைச் சுற்றி நீர்த்த சிமெண்டுக் குழம்பு ஊற்றப்படும். பாவும் ஊடும் போலக் கம்பிகள் அமைந்ததால் ரைட் இதனை நெசவுக்கல் என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார். இது முழுக்கத் தம் கண்டுபிடிப்பே என்பது அவர் நிலை. காப்புரிமை ஆண்டோ கிரிஃபினின் பக்கம் இருக்கிறது. எனினும் இரண்டும் ஒன்றல்ல. கிரிஃபினின் சுவரில் கல்லின் வடிவமே முதற்பூட்டு. ரைட்டின் சுவரில் கம்பியும் குழம்பும்தான் பூட்டு.

சாதாரணத் தொழிலாளர்களே வார்த்து அடுக்கிவிடலாம் என்பதே ரைட்டின் எதிர்பார்ப்பு. நடந்தது என்ன? என்னிஸ் வீட்டுக்கு மட்டும் சுமார் 27,000 கற்கள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றையும் அச்சிலிட்டுக் கையால் இடித்துச் செறிவாக்க வேண்டியிருந்தது. அச்சை உடனே கழற்றுவதற்காகக் கலவையில் நீரைக் குறைத்தார்கள். அதனால் கல் நுண்துளைகள் மிகுந்ததாயிற்று. கட்டடம் அமைந்த குன்றின் மண்ணோடு இயைந்த நிறம் வேண்டுமென்று அவ்விடத்துச் சிதைந்த கருங்கல் மண்ணையே சேர்த்தார்கள். அதிலிருந்த மாசுகள் கல்லுக்குள் புகுந்தன. குறுகலான குழாய்களில் குழம்பு எல்லா இடத்திலும் நிரம்பவில்லை. மழைநீர் உட்புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்தது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைக் கேட்கும். இடம் இல்லாதபோது கல்லை உடைத்து எடுத்துக்கொள்ளும். 1994 இல் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கமும், 2005 இன் தொடக்கத்தில் பெருமழையும் என்னிஸ் வீட்டைக் கடுமையாகச் சேதப்படுத்தின. பெரும்பொருள் செலவிட்டே அதனைச் சீரமைக்க வேண்டியதாயிற்று.

கண்ணுக்கு இந்த வீடுகள் விருந்து என்பதில் ஐயமில்லை. நாம் சொல்ல வருவது வேறு. கலவை வைத்த சுவரில் கல்லின் பிழையைக் கொத்தனாரின் கரணை ஒவ்வொரு வரிசையிலும் திருத்திக்கொண்டே வந்தது. கலவையை எடுத்துவிட்டபின் பிழை திருத்த இடமில்லை. எனவே முழுத் துல்லியமும் கல்லை வார்க்கும் இடத்திலேயே வந்தாக வேண்டும். திறன் தேவைப்படும் இடம் சுவரிலிருந்து அச்சுக்கு மாறியது. அச்சருகே நின்றவர்களோ திறன் வேண்டாம் என்று சொல்லி அழைத்து வரப்பட்டவர்கள்!

கிரிஃபினின் இறுதிக் காலம் நம் நாட்டில் கழிந்தது. 1935 இல் லக்னோ வந்த அவர், பயனியர் நாளிதழுக்கான கட்டடம் உட்படப் பல வடிவமைப்புகளில் ஈடுபட்டிருந்தபோது, 1937 பிப்ரவரியில் அந்நகரிலேயே காலமானார். அவருடைய கல்லறையும் அங்கேயே உள்ளது.

* * *

இரும்பைச் சுவருக்குள் வைக்கும் எண்ணம் ரைட்டுக்கும் கிரிஃபினுக்கும் முந்தையது. தேம்ஸ் ஆற்றின் அடியில் சுரங்கம் அமைத்த மார்க் புரூனல், 1825 இல் 50 அடி விட்டமுள்ள செங்கல் வட்டக் கிணறு ஒன்றை இரும்புக் கம்பிகளோடு தரைமேல் கட்டி, அதன் எடையாலேயே மண்ணுக்குள் இறக்கினார். ஆனால் அதனை ஒழுங்கான பொறியியலாக்கிய முயற்சியில் நம் நாட்டுக்குச் சிறப்பான பங்குண்டு. இந்திய அரசின் பொதுப்பணித் துறையைச் சேர்ந்த ஏ. பிரெப்னர், கம்பியிட்ட செங்கல் கட்டுமானத்தைச் சோதனைகள்வழி ஆராய்ந்து 1923 இல் வெளியிட்ட அறிக்கை, அத்துறையின் நவீனத் தொடக்கமாகவே கருதப்படுகிறது.

கான்கிரீட் கல்லில் இல்லாமல் செங்கல்லில் இம்முயற்சி நடந்தது ஏன் என்று கேட்கலாம். இந்தியாவில் சிமெண்ட் அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தது. சென்னையில் 1904 இல் கடற்சிப்பிகளைக் கொண்டு தொடங்கிய முயற்சி நிலைக்கவில்லை; 1914 இல் போர்பந்தரில்தான் உற்பத்தி நிலைபெற்றது. ஆகவே நம் பொறியாளர்களுக்குக் கையிலிருந்த பொருள் செங்கல்தான்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு நிலநடுக்கங்கள் இந்த ஆராய்ச்சியின் அவசியத்தை உணர்த்தின. முதலாவது, 1933 மார்ச் 10 அன்று கலிபோர்னியாவின் லாங் பீச்சில். கம்பியில்லாத செங்கல் சுவர்கள், மெலிந்த சுண்ணாம்புக் கலவையைவிட்டுப் பெயர்ந்து தெருவில் சரிந்தன. சுமார் 120 பேர் மாண்டனர். 230 பள்ளிக் கட்டடங்கள் அழிந்தன, பெருஞ்சேதம் அடைந்தன அல்லது புழங்கத் தகாதவை என்று ஒதுக்கப்பட்டன. நில அதிர்வு மாலை 5.54 மணிக்கு வந்தது; குழந்தைகள் வீடு திரும்பியிருந்தார்கள். சில மணி நேரம் முன்னதாக வந்திருந்தால்? அந்த எண்ணமே கலிபோர்னிய அரசை ஒரே மாதத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கான கடுஞ்சட்டம் இயற்ற வைத்தது. கம்பியில்லாச் சுவரின் காலம் அம்மாநிலத்தில் அத்தோடு முடிந்தது.

இரண்டாவது, 1935 மே 31 அன்று அந்நாளைய இந்தியாவின் குவெட்டாவில். ஊர் தரைமட்டமாகிப் பல்லாயிரவர் மாண்டனர். 1931 நிலநடுக்கத்துக்குப் பின் ரயில்வே பொறியாளர் எஸ். எல். குமார் நிலநடுக்கத்தைத் தாங்கும்படி வடிவமைத்த ரயில்வே குடியிருப்புகள் அந்த அழிவினிடையே நின்றன. செங்கற்களை அடுக்கும்போதே சுவருக்குள் செங்குத்தாகப் பொந்துகள் விட்டு, அவற்றில் கம்பி நிறுத்திக் கலவையால் நிரப்பும் முறைக்கு இன்றும் அந்த ஊரின் பெயரே வழங்குகிறது. பொறியியல் நூல்களில் அது குவெட்டா கட்டு.

கான்கிரீட் கல்லில் அந்தப் பொந்து பிறவியிலேயே அமைந்திருக்கிறது. ஆகவே இந்த முறை அதில் எளிதாகப் பொருந்தியது. கல்லின் துளைகள் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு அடுக்கி, கம்பி இறக்கி, குழம்பு நிரப்பினால் சுவருக்குள் மறைந்த தூண்கள் உருவாகின்றன. நிரப்புவதில் இரு முறைகள் உள்ளன. சில வரிசைகள் எழுந்ததும் நிரப்பி, மீண்டும் கட்டி, மீண்டும் நிரப்புவது ஒன்று. ஒரு தளத்தின் உயரம் முழுதும் கட்டி முடித்தபின் நிரப்புவது மற்றொன்று. முன்னதில் வேலை அடிக்கடி நிற்கும். ஆனால் துளைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் காணலாம். பின்னது விரைவானது, ஆனால் அடுக்கும்போது உள்ளே உதிர்ந்த கலவைக் கட்டிகள் அடியில் தங்கிவிடும். அவற்றை வாரியெடுக்க முதல் வரிசையில் திறப்பு விட வேண்டும். அத்திறப்பை மறந்தால், கம்பியைத் தரையோடு பிணைக்க வேண்டிய இடத்திலேயே குழம்பு சேராமல் வெற்றிடம் நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சுவர் முழுமையாகவே தெரியும்.

* * *

ஒன்றுமே வைக்க வேண்டாம் என்ற மூன்றாவது விடைக்கு இப்போது வருவோம். வெறும் கல்லை அடுக்குவது தமிழர்க்குப் புதிதன்று. நம் கருங்கல் கோயில்களின் சுவர்கள் பெரும்பாலும் கலவையின்றி எழுந்தவையே. ஆனால் அங்கே பொருந்தும்வரை கல்லைச் செதுக்க ஸ்தபதிகள் இருந்தனர். கல்லின் பேரெடை அதை இருத்தியது. இலேசான கான்கிரீட் கல்லுக்கு அவ்விரண்டும் இல்லை.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் பொறியாளர்கள் 1960களிலும் 1970களிலும் இதற்கு ஒரு வழி கண்டனர். முதல் வரிசையை மட்டும் கலவையில் மட்டம் பார்த்து வைத்துவிட்டு, மற்றவற்றை வெறுமனே அடுக்குவது. பிறகு சுவரின் இரு முகங்களிலும் கண்ணாடி இழை கலந்த சிமெண்டை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனத்தில் பூசுவது. இங்கே கற்களைப் பிடித்திருப்பது தோல். பக்கவாட்டுத் தள்ளுதலைத் தாங்குவதில் இச்சுவர் கலவை வைத்த சாதாரணச் சுவருக்கு ஈடாகவோ மேலாகவோ நிற்கிறது. ஆனால் மேலிருந்து வரும் சுமையைத் தாங்குவதில் சற்றுத் தாழ்கிறது. காரணம், நாம் முன்பே சொன்ன இரண்டாவது வேலை. கலவை இல்லாததால் கல்லின் சொரசொரப்பான முகங்கள் சில முனைகளில் மட்டுமே தொடுகின்றன; சுமை முழுவதும் அம்முனைகளில் குவிகிறது. தொழில் பழகாத ஒருவர் தம் கொட்டகையைத் தாமே கட்டிக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை எனலாம். ஆயினும் அந்த முதல் வரிசை மட்டம் தவறினால், பிழை மேலே போகப் போகப் பெருகும். திருத்துவதற்கு இடைவெளி இல்லை.

இவை அனைத்தினும் வேறான ஒரு முறையும் உண்டு. அதில் புதுமை பொருளில் இல்லை, வரிசையில் இருக்கிறது. தூண்களையும் உத்தரங்களையும் முதலில் வார்த்துவிட்டு நடுவே கல்லை அடைப்பது நம் நகரங்களில் வழக்கம். அதைத் தலைகீழாக்கி, முதலில் சுவரைப் பற்கள் போல விளிம்பு நீட்டிக் கட்டி, பிறகு அதை ஒட்டியே தூணை வார்த்தால், கான்கிரீட் அந்தப் பற்களைக் கவ்விக்கொள்ளும். சுவரும் தூணும் ஒரே உடலாகும். சிலி நாட்டில் 1928 தால்கா நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய இந்த முறை, 1939 சில்லான் நிலநடுக்கத்தில் தன் தகுதியை மெய்ப்பித்தது. காந்திநகர் ஐ.ஐ.டி. வளாகக் குடியிருப்புகள் இந்த முறையிலேயே எழுந்தன. அதே கல், அதே கம்பி, அதே கொத்தனார்; எது முன், எது பின் என்பதில்தான் வேறுபாடு.

* * *

ஆக, எந்த முறை சிறந்தது? சுமை, நிலநடுக்க அபாயம், கிடைக்கும் பொருள், கிடைக்கும் கை இவற்றைப் பொறுத்து விடை மாறும். ஆனால் ஒன்றை உறுதியாகக் கூறலாம். கொத்தனாரை வேண்டாம் என்று சொன்ன எந்த முறையாலும் திறனை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. நெசவுக்கல் அதை அச்சுக்கு அனுப்பியது. குழம்பு நிரப்பும் முறை அதைத் துளையின் அடியில் ஒளித்து வைத்தது. வெறும் அடுக்கு அதை முதல் வரிசையில் குவித்தது. கரணையால் செய்கிற வேலைக்கு மட்டும் ஒவ்வொரு வரிசையிலும் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இருந்தது. 120 ஆண்டுகளாகப் பெருவாரியான சுவர்கள் இன்னும் அந்தப் பழைய முறையிலேயே எழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

திறனுக்கு மதிப்பில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் உலகம் கண்டது. அங்கே சுவர்கள் பெரும்பாலும் கான்கிரீட் கல்லால் ஆனவை. சிமெண்ட் குறைத்து வார்த்து, போதிய நாள் நீரூற்றிப் பதப்படுத்தாமல் விற்கப்பட்ட கற்கள் கையால் நொறுக்கும் அளவுக்கு மெலிந்திருந்தன. ஏழைகளின் வீடு மலிவாக அமைய வேண்டும் என்பதற்காகப் பிறந்த கல், ஏழைகளின்மேலேயே விழுந்தது. குறை கல்லினுடையதன்று, முறையினுடையதும் அன்று. செய்தவரின் கைக்குக் கற்பிக்கப்படாததும் கூலி தரப்படாததும்தான் அங்கே இடிந்து விழுந்தன.

வாசகர்கள் தம் தெருவில் சுவர் எழும்போது ஒருமுறை நின்று பார்க்கலாம். கல் நனைக்கப்படுகிறதா, துளைகள் அடிவரை நிரம்புகின்றனவா, முதல் வரிசைக்கு எத்தனை முறை ரசமட்டம் வைக்கப்படுகிறது என்பதையெல்லாம் அப்போது காணலாம். பூச்சு ஏறிய பிறகு எல்லாச் சுவர்களும் ஒன்றுபோலவே தோன்றும்.